மருத்துவத்தின் நான்காம் கால்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அம்மருந்தைப் பிழையின்றி அருகிருந்து இயற்றுபவன் ஒருவன். இந்த நான்காமவனுக்கு வள்ளுவர் தரும் பெயர் ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து பணி செய்பவன் என்பது பொருள்.

எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று இங்கு உண்டு. மருத்துவனை முதன்மையானவன் என்றும், உழைச்செல்வானை எடுபிடி என்றும் வள்ளுவர் வரிசை பிரிக்கவில்லை. மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் என்றார். கட்டிலுக்கு நான்கு கால்கள் இருப்பது போன்றது அது. ஒரு கால் குட்டையானாலும் கட்டில் ஆடும். நோயாளி கீழே விழுவான். பரிமேலழகர் இக்குறளுக்கு உரை எழுதும்போது, நான்கு கூறுகளுக்கும் தனித்தனியே நான்கு இயல்புகளை எடுத்துரைக்கிறார். உழைச்செல்வானுக்கு உரியவையாக அவர் குறிப்பன நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய் ஆகியவற்றின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் திறன், அறிவுடைமை என்னும் நான்கு.

இன்றைய மருத்துவமனையில் அந்த உழைச்செல்வான் யார்? இரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வக நுட்புநர், எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கும் கதிர்ப்பட நுட்புநர், டயாலிசிஸ் எந்திரத்தின் அருகே நான்கு மணி நேரம் நிற்பவர், அறுவை அரங்கில் மயக்க மருந்துக் கருவியைச் சரிபார்ப்பவர், கண் பரிசோதகர், மருந்தாளுநர், 108 ஊர்தியில் உயிரைக் கையில் ஏந்தி வருபவர் எனப் பலர். மருத்துவரின் பெயர் வாயிற்பலகையில் இருக்கும். இவர்கள் பெயர் எப்பலகையிலும் இராது. ஆயினும் இவர்கள் இல்லாத மருத்துவமனை வெறுங்கட்டடமே.

அத்தகைய பணிகளுக்கு ஏழை வீட்டுப் பிள்ளைகளை ஆயத்தம் செய்வது எவ்வாறு, அதனை ஓர் அறமாக ஏற்போர் அறிந்துகொள்ள வேண்டியவை யாவை என்பதே இவ்வுரையின் பொருள்.

நான்கு தானங்களும் ஒன்றாகும் இடம்

சமண நெறி தானங்களை நான்காக வகுத்துள்ளது. உணவுக் கொடை, மருந்துக் கொடை, கல்விக் கொடை, அஞ்சினார்க்கு அளிக்கும் அபயக் கொடை என்பன அவை. தமிழ்ச் சமணச் சான்றோர்க்கு மருந்தும் அறமும் வேறு வேறாகத் தோன்றவில்லை. காரியாசான் தம் நீதி நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயர் வைத்தார். அது ஐந்து வேர்களால் ஆன மருந்தின் பெயர். கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். அது ஏலம் முதலாகிய ஆறு சரக்குகள் சேர்ந்த மருந்தின் பெயர். உடல் நோய்க்கு மருந்து போல உள்ள நோய்க்கு அறம் என்பது அவர்கள் கொண்ட கருத்து.

ஓர் ஏழை மாணவிக்கு மருத்துவ நுட்பக் கல்வி அளிக்கும்போது இந்நான்கு கொடைகளும் ஒருசேர நிகழ்கின்றன. விடுதியில் அவள் உண்பது உணவுக் கொடை. அவள் கற்பது கல்விக் கொடை. அவள் கைவழியே பின்னாளில் ஆயிரம் நோயாளிகளுக்குச் செல்வது மருந்துக் கொடை. ‘நாளை என்ன ஆகுமோ’ என்று அஞ்சிய ஒரு குடும்பத்தின் அச்சம் தீர்வது அபயக் கொடை. ஒரு விளக்கை ஏற்றினால் நான்கு திசையும் ஒளி பெறுவது போன்றது இது.

இந்தச் சமவெளியின் பிள்ளைகள்

சேலம், நாமக்கல் சமவெளி உழைப்பாளர் பூமி. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஆத்தூர், இராசிபுரம் பகுதிகளில் மரவள்ளியும் ஜவ்வரிசி ஆலைகளும், நாமக்கல்லில் முட்டைக் கோழிப் பண்ணைகளும் லாரித் தொழிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள், குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் இடையறாது ஒலிக்கும் விசைத்தறிகள் என எங்கு நோக்கினும் தொழில். நாட்டின் எந்த மூலைக்குச் சென்றாலும் நாமக்கல் லாரியையும் திருச்செங்கோட்டுத் துளைக்கருவி வண்டியையும் காணலாம்.

ஆனால் இத்தொழில்களின் அடித்தட்டில் நிற்கும் குடும்பங்களின் நிலை வேறு. தறிக்கூலி வார இறுதியில் கைக்கு வருவதற்கு முன்பே, முன்பணமாக வாங்கிய கடனில் பாதி கழிந்துவிடும். லாரி ஓட்டச் சென்ற தந்தை மாதக்கணக்கில் வீடு திரும்பமாட்டார். கொல்லிமலையிலிருந்து படிக்க இறங்கி வரும் பிள்ளைக்குக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்த பின்னரே உலகம் தொடங்குகிறது.

அந்தக் கடன் சுமை எதுவரை சென்றது என்பதை 2025-ஆம் ஆண்டு ஜூலையில் நாடு கண்டது. பள்ளிபாளையம் பகுதியின் விசைத்தறித் தொழிலாளர் சிலர் கடனை அடைக்க வழியின்றி இடைத்தரகர்களிடம் தம் சிறுநீரகத்தையே விற்ற செய்தி வெளிவந்து, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. உடலுறுப்பு விற்பனையை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. ஆயினும் வறுமை சட்டத்தைக் கேட்டு நடப்பதில்லை.

மருத்துவமனை என்னும் இடத்திற்குள் ஏழை நுழைவதற்கு எத்தனை வாயில்கள்? நோயாளியாக நுழையலாம். உறுப்பை விற்பவனாகவும் நுழைய நேர்ந்தது. அங்கே கற்றறிந்த பணியாளராக அவன் மகளோ மகனோ நுழைவதற்கு ஒரு வாயில் திறக்கப்பட வேண்டாமா? அதே சிறுநீரக நோய்க்கு டயாலிசிஸ் செய்யும் நுட்புநராக அந்த வீட்டுப் பிள்ளை வெண்ணிற மேலாடையுடன் நிற்பாளானால், அக்குடும்பத்தை எந்த இடைத்தரகனும் அணுகத் துணியான்.

இப்பகுதிக்கு இன்னுமொரு தனித்தன்மை உண்டு. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் மதிப்பெண்ணுக்குப் பேர்பெற்றவை. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளைகளை இங்கே கொணர்ந்து சேர்த்தனர். ‘டாக்டர் ஆக வேண்டும், இல்லையேல் ஒன்றுமில்லை’ என்னும் எண்ணம் இம்மண்ணின் காற்றிலேயே கலந்துவிட்டது. மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காத பிள்ளை, வாழ்க்கையே முடிந்ததென எண்ணி மூலையில் முடங்குகிறது. அந்த எண்ணத்தை முதலில் மாற்ற வேண்டும். வள்ளுவர் நான்கு கூறு என்றார். ஒரு காலை மட்டும் பெற்றோர் பிடித்துக்கொண்டிருப்பது ஏன்?

வழிகாட்டிய இரு நிறுவனங்கள்

இப்பணி புதிதன்று. தமிழ் மண்ணில் இதற்கு முன்னோடிகள் உள்ளனர்.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். இன்று உலகப் புகழ்பெற்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக அது வளர்ந்துள்ளது. அங்கே பயிற்சிகள் தொடங்கப்பெற்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். 1903-இல் மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டர்களுக்குப் பயிற்சி. 1909-இல் செவிலியர் பயிற்சி. அதன் பின்னரே 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. முதலில் உழைச்செல்வானை உருவாக்கினார். பின்னரே தீர்ப்பானை உருவாக்கினார். அடித்தளம் இட்ட பிறகு மாடம் எழுப்பும் அறிவு அது.

இரண்டாவது முன்னோடி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918-இல் பிறந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. இளமையிலேயே முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போயின. அந்தக் கோணிய விரல்களாலேயே கண் அறுவையைக் கற்றுத் தேர்ந்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-இல், 11 படுக்கைகளுடன் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-இல் அவர் மறையும்போது அது உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ அமைப்புகளுள் ஒன்றாக விளங்கியது. இன்று சேலத்திலும் அதன் மருத்துவமனை இயங்குகிறது. அங்கே சிகிச்சை பெறுவோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பார்வை பெறுகின்றனர்.

இத்தனை பெரிய தொண்டு எவ்வாறு இயன்றது? அதன் விடை கிராமத்துப் பெண்களிடம் இருக்கிறது. சிற்றூர்களிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை மருத்துவமனை தெரிந்தெடுக்கிறது. தேர்வின்போது மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. குடும்பத்தாரையும் அழைத்துப் பேசுகின்றனர். பிறர் துன்பத்தில் மனம் நெகிழும் இயல்பு உண்டா, பொறுமை உண்டா, கற்கும் ஆர்வம் உண்டா என்று பார்க்கின்றனர். பரிமேலழகர் உழைச்செல்வானுக்கு முதலில் வைத்தது அன்பு என்பதை இங்கே நினைவுகூரலாம். நுட்பத்தைக் கற்பித்துவிடலாம், அன்பைக் கற்பிப்பது அரிது.

பின்னர் இரண்டாண்டுப் பயிற்சி. கண்ணின் அமைப்பு, நோயாளியிடம் பேசும் முறை, தூய்மை முதலிய அடிப்படைகள் முதலில். அதன்பின் பார்வைச் சோதனை, அறுவை அரங்கு, நோயாளிக்கு ஆலோசனை எனத் துறை பிரித்துக் கற்பிக்கின்றனர். தொடர்ந்து மூத்தோர் கண்காணிப்பில் பணி. இப்பயிற்சிக்காக அப்பெண் கட்டணம் செலுத்துவதில்லை. மாறாக, தங்க இடமும் உதவித்தொகையும் பெறுகிறாள். படிக்கும் காலத்திலேயே தன் வீட்டுக்குச் சிறு தொகை அனுப்ப முடிகிறது. அம்மருத்துவமனைப் பணியாளருள் பாதிக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பயின்ற பெண்களே.

இதன் பயன் என்ன? அறுவைக்கு முன்னும் பின்னும் ஆக வேண்டிய பணிகளை இவர்கள் செவ்வனே செய்துவிடுவதால், மருத்துவர் அறுவையில் மட்டும் கருத்தைச் செலுத்த முடிகிறது. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் ஆயத்தமாக இருக்கிறார். ஒரே மருத்துவர் ஆண்டுக்கு 2000 அறுவைகள் அளவிற்குச் செய்ய முடிவது இதனால்தான். அம்மருத்துவக் குடும்பத்தின் ஆரோலேப் நிறுவனம் 1992-இல் மதுரையில் தொடங்கப்பெற்று, கண்ணுக்குள் பொருத்தும் லென்சை ஏழைக்கும் எட்டும் விலையில் செய்து தந்தது. அந்த நுண்ணிய லென்சைச் செய்யும் கைகளிலும் பெரும்பாலானவை சிற்றூர்ப் பெண்களின் கைகளே.

ஏழைப் பெண்களுக்கு இரக்கப்பட்டு அளித்த வேலை அன்று இது. அவர்கள் இல்லாவிட்டால் அந்தத் தொண்டே இல்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவர்க்கொருவர் கடன்பட்ட இடம் அது. அறத்தின் உயர்ந்த நிலை அதுவேயாகும்.

சிறு பிழையின் பெரும் விளைவு

‘டெக்னீசியன் வேலைதானே’ என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அப்பணியின் நுண்மையை அறிந்தால் அவ்வாறு சொல்ல நா எழாது.

ஆய்வகத்தில் இரத்தம் எடுக்கும் பணியைப் பாருங்கள். குழாய்களின் மூடிகள் ஊதா, சிவப்பு, நீலம் எனப் பல நிறங்களில் இருப்பது அழகுக்காக அன்று. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வேதிப்பொருள் உண்டு. ஊதா மூடிக் குழாயின் பொருள் சிறிதளவு வேறு குழாயில் கலந்துவிட்டாலும் பொட்டாசியம் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அவசரப்பட்டு ஊசியை இழுத்தால் இரத்த அணுக்கள் உடையும்; அப்போதும் பொட்டாசியம் பொய்யாக உயரும். அந்தப் பொய் எண்ணைக் கண்டு மருத்துவர் இதயத்திற்கு ஆபத்து என்று கருதி மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? ஒருவர் பெயரை மற்றொருவர் குழாயில் ஒட்டிவிட்டால், மாற்று வகை இரத்தம் ஏறி உயிரே போகலாம். சொன்னதைச் சொன்னவாறே செய்தல் என்று உரையாசிரியர் வைத்த இலக்கணத்தின் ஆழம் இங்கே விளங்கும்.

டயாலிசிஸ் பிரிவைப் பாருங்கள். சிறுநீரகம் செயலிழந்தவர் பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் எந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். எந்திரத்தில் நிமிடத்திற்கு அரை லிட்டர் கரைசல் பாய்ந்தால், நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் ஆகிறது. குடிக்கும் நீரைக் குடல் வடிகட்டும். இந்த நீரோ மெல்லிய சவ்வு ஒன்றின் மறுபுறம் இரத்தத்தோடு உறவாடுவது. குழாய் நீரைத் தூய்மைப்படுத்தச் சேர்க்கும் குளோரின் அகலாமல் எஞ்சி நின்றால், சிவப்பணுக்கள் சிதையும். ஒவ்வொரு நாளும் அந்நீரைச் சோதித்தறிவது நுட்புநரின் கடமை. தூய்மை என்னும் இரண்டாம் இலக்கணம் இங்கே உயிர்க்காவல்.

எக்ஸ்ரே நுட்புநர் தம் மார்பில் அணியும் சிறு பட்டை அவர்மீது பட்ட கதிர்வீச்சை அளப்பது. கருவுற்ற பெண்ணிடம் கேட்காமல் படம் எடுக்கலாகாது. குழந்தைக்கு எத்தனை குறைந்த கதிர் போதும் என்று அறிந்திருக்க வேண்டும். கொல்லாமையை உயிராகப் போற்றும் மரபினர்க்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கவனமின்மையும் ஒருவகைக் கொலையே.

இதனை உணர்ந்தே இந்திய நாடாளுமன்றம் 2021-ஆம் ஆண்டில் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைப் பத்து வகைகளாகப் பகுத்து, அவற்றிற்குப் பதிவேடும் தகுதியும் வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. பட்டய நிலைப் படிப்புக்குக் குறைந்தது 2000 மணி நேரமும், உயர்நிலைத் தொழில்களுக்கான பட்டப்படிப்புக்குக் குறைந்தது 3600 மணி நேரமும் பயிற்சி வேண்டும் என்பது அதன் விதி.

வாயிலை அடைக்கும் தடைகள்

இப்பகுதியில் கற்கும் இடங்களுக்குக் குறைவில்லை. சேலத்தில் 1986 முதல் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி உள்ளது. நாமக்கல் உள்ளிட்ட 11 ஊர்களின் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டன. இவை தவிரத் தனியார் கல்லூரிகளும் பல. அரசு உதவியும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் 1000 ரூபாய் வழங்குகின்றன. பட்டயப் படிப்புக்கும் இவை பொருந்தும்.

பின்னர் ஏன் பிள்ளைகள் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர்?

முதல் தடை, அறியாமை. ‘ஒரே ஆண்டில் டிப்ளமோ, உடனே வேலை’ என்னும் சுவரொட்டியை நம்பி, ஏற்பு இல்லாத நிறுவனத்தில் கடன் வாங்கிச் சேர்கின்றனர். ஈராண்டு கழிந்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அச்சான்றிதழ் செல்லாது என்பது தெரிகிறது. பணமும் போனது, பருவமும் போனது. முதல் தலைமுறையாகப் படிக்கும் வீட்டில் இதைச் சொல்லித்தர யார் இருக்கிறார்?

இரண்டாம் தடை, கட்டணத்திற்கு அப்பாற்பட்ட செலவு. சீருடை, காலணி, பாடநூல், பேருந்து, விடுதி, தேர்வுக் கட்டணம் எல்லாம் ஒருபுறம். மறுபுறம், தறியிலோ பட்டறையிலோ அந்தப் பிள்ளை ஈட்டியிருக்கக்கூடிய கூலி நின்றுபோகிறது. தாய்க்குக் காய்ச்சல் வந்த வாரம் பிள்ளை கல்லூரியை விட்டுத் தறிக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பியவர்கள் மீண்டும் வருவது அரிது.

மூன்றாம் தடை, மொழி. தமிழ்வழியில் நன்கு படித்த பிள்ளை, முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கான ஆங்கில, இலத்தீன் சொற்களைக் கண்டு மருள்கிறது. தனக்கு அறிவில்லை என்று எண்ணிக்கொள்கிறது. அறிவுக் குறை அங்கில்லை. சொல்லின் புதுமையே அது.

நான்காம் தடை, படித்து முடித்த பின் வருவது. தொடக்கநிலைப் பணியாளர்க்குச் சில தனியார் இடங்களில் தரப்படும் ஊதியம் தறிக்கூலியினும் குறைவு. ‘இதற்காகவா படித்தாய்?’ என்று உறவினர் கேட்கும் ஒரு கேள்வியில் பல பிள்ளைகளின் ஊக்கம் உடைந்துபோகிறது.

அறம் செய்வோர் செய்யத்தக்கவை

இத்தடைகளை நீக்க வல்லவை சமூக அறக்கட்டளைகளே. அரசு வாயிலைத் திறந்து வைக்கலாம். கைபிடித்து உள்ளே அழைத்துச் செல்ல மனிதர் வேண்டும். அதற்குரிய சில வழிகள் இங்கே முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, காலத்தே கொடுத்தல். மேற்படிப்புச் சேர்க்கை கோடையின் இறுதியில் தொடங்குகிறது. கல்வி உதவி விழாக்களோ பெரும்பாலும் கல்வியாண்டின் இடையில் நடைபெறுகின்றன. கட்டணத்திற்குக் கந்துவட்டி வாங்கிய பின்னர் வரும் காசோலை, வட்டிக்கே போய்ச் சேரும். பயிர் வாடும் முன் பாய்ச்சுவதே நீர். விழா பின்னர் நடக்கட்டும். உதவி முன்னர்ச் செல்லட்டும்.

இரண்டாவது, பலருக்குச் சிறிது என்பதை விடச் சிலருக்கு முழுமை. நூறு பேருக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வழங்கினால் நூறு நிழற்படங்கள் கிடைக்கும். பத்துப் பேரைச் சேர்க்கை முதல் முதல் மாத ஊதியம் வரை தாங்கிப் பிடித்தால் பத்துக் குடும்பங்கள் எழுந்து நிற்கும். நிழற்படம் மலரின் பக்கத்தில் தங்கும். குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தங்கும்.

மூன்றாவது, அறிவுக் கொடை. ஏப்ரல், மே மாதங்களில் அரசுப் பள்ளி மாணவர்க்கும் பெற்றோர்க்கும் தமிழில் ஒரு வழிகாட்டும் நாள் நடத்தலாம். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, அது பல்கலைக்கழகத்தின் ஏற்பும் ஆணையத்தின் ஏற்பும் பெற்றதா, பயிற்சிக்கு உரிய மருத்துவமனை உண்டா, எந்தச் சான்றிதழ்கள் தேவை என்று கூறலாம். மருத்துவர் சங்கத்திலும் ஆய்வக உரிமையாளரிலும் அறக்கட்டளை அன்பர்கள் பலர் இருப்பர். அவர்கள் ஒரு நாளைத் தந்தாலே போதும். சேர்ந்த பின்னர் ஒரு மாதம் மாலை வகுப்பில் மருத்துவச் சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு கற்பிக்கலாம். ‘இதயம்’ என்ற சொல்லை அறிந்த பிள்ளைக்குக் ‘கார்டியாக்’ என்பதை அறிய ஒரு நொடி போதும். சொல்லித்தர ஒருவர் இருந்தால்.

நான்காவது, காப்புக் கொடை. ஊசியோடும் இரத்தத்தோடும் பழகும் மாணவர்க்கு மஞ்சட்காமாலை பி தடுப்பூசி இன்றியமையாதது. அது ஒரு தவணையில் முடிவதன்று. வழக்கமாக முதல் தவணைக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் மேலும் இரு தவணைகள் போட வேண்டும். பயிற்சிக்குச் செல்லும் முன்பே தொடங்கி, மூன்றும் முடிந்ததா என்று பார்ப்பது செலவில் சிறிது, பயனில் பெரிது. நோயைத் தீர்க்கச் செல்பவர் நோயாளியாகத் திரும்பலாகாது.

ஐந்தாவது, நேர்மையான ஊதியம். அறக்கட்டளைக்கு வாரி வழங்கும் அன்பருள் சிலர் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் நடத்துபவராகவும் இருக்கலாம். ஒரு கையால் கல்வி உதவி அளித்து, மறு கையால் படித்து வந்த பிள்ளைக்குக் குறைந்த கூலி தந்தால், கணக்கு நேராகாது. உரிய ஊதியம் தருவதே அவர்கள் செய்யத்தக்க முதற்கொடை. இது கசப்பான சொல்தான். ஆயினும் ஏலாதியின் ஆறு சரக்குகளுள் மிளகும் உண்டு, சுக்கும் உண்டு, காரமின்றி மருந்தில்லை.

ஆறாவது, பெறுபவரின் மானம். உதவி பெறும் மாணவியை மேடையேற்றி, அவள் தந்தையின் வறுமையை ஒலிபெருக்கியில் விரித்துரைப்பது கொடையாகாது. அவளோடு படிக்கும் தோழியர் கூட்டத்தில் அமர்ந்திருக்கலாம். அவள் உள்ளத்தில் ஏற்படும் அந்தக் காயம் எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. கொடுப்பது பிறர் அறியாமல் இருக்கட்டும். மேடையேற்ற வேண்டுமானால், படித்து முடித்துப் பணியில் அமர்ந்த நாளில், ‘இவர் ஆய்வக நுட்புநர்’ என்று அவர் தகுதியைச் சொல்லி மேடையேற்றலாம். அன்று அவள் தந்தையையும் முன்வரிசையில் அமரச் செய்யலாம்.

பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டியதில்லை. தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளைக்கு விண்ணப்பம் நிரப்பித் தரவும், ஒரு பாடத்தைச் சொல்லித் தரவும் அவளிடம் கேட்டுக்கொண்டால் போதும். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை.

நிறைவாக

பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்தில் இன்றிரவும் விளக்கு எரியும். அங்கே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதிய ஒரு பெண் தாயோடு நின்று அறுந்த நூலை முடிந்துகொண்டிருப்பாள். ஆயிரக்கணக்கான இழைகளுக்கிடையே அறுந்த ஓரிழையை நொடியில் கண்டுபிடிக்கும் கண் அவளுடையது. அதை இழுக்காமல், குலைக்காமல் முடியும் விரல் அவளுடையது. அக்கண்ணும் அவ்விரலும் நுண்ணோக்கியின் கீழும் மெல்லிய இரத்த நாளத்தின் மேலும் எவ்வளவு பயன்படும்! சேலத்துக் கொலுசுப் பட்டறையில் பொடி வளையங்களைப் பற்றவைக்கும் இளைஞனின் பொறுமையும் அத்தகையதே. திறன் இம்மண்ணில் தேவைக்கு மேல் இருக்கிறது. திறக்க வேண்டியது வாயில் ஒன்றே.

வள்ளுவர் வகுத்த நான்கு கால்களில், நோயாளிக்கு இவ்வுலகில் பஞ்சமில்லை. மருந்துக் கடைகள் தெருத்தோறும் உள்ளன. மருத்துவரை உருவாக்கக் கல்லூரிகள் எழுந்துள்ளன. நான்காம் காலாகிய உழைச்செல்வானை உருவாக்கும் பணி, அன்பும் பொறுமையும் கொண்ட சமூகத்தின் கைகளை எதிர்பார்த்து நிற்கிறது. உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நான்கு கொடைகளையும் ஒரே இடத்தில் செய்ய வாய்ப்புக் கிட்டும்போது, அறநெறியாளர் அதைத் தவறவிடமாட்டார்.

வரும் சேர்க்கைக் காலத்திற்குள் இந்தச் சமவெளியில் பத்துப் பிள்ளைகளுக்கேனும் அந்த வாயில் திறக்கட்டும். அதுவே இவ்விழாவின் உண்மையான மலர்.